வந்தவங்க தண்ணி

சக்கர நாற்காலி என்ற சொல்லை என் வீட்டுக்காரர் முதல் தடவை சொன்னபோது என் கையில் கரண்டி இருந்தது. வீசவில்லை. அது அவர் செய்த புண்ணியம்.

"அரே ஆசியா, கோவப்படாத. உம்ராவுக்குப் போற ஜனங்க எத்தினி பேரு நாற்காலியிலயே சுத்திட்டு வர்றாங்க. உன் முட்டிய வெச்சிகினு ஏழு தடவ நடந்துடுவியா நீ? சொல்லு பாக்கலாம்" என்றார்.

வாணியம்பாடியில் புளி மண்டி பாஷா என்றால் நாலு பேருக்குத் தெரியும். புளி மண்டி பாஷாவின் வீட்டுக்காரி என்றால் நாற்பது பேருக்குத் தெரியும், என் வாய் அப்படி. ஆனால் அன்றைக்கு அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. என் எடை தொண்ணூற்று மூன்று கிலோ. நோன்பு மாதம் முழுக்கப் பகலில் பட்டினி கிடந்தும் இரண்டு கிலோ ஏறியிருந்தது, இரவில் தின்ற சமோசா யாரைச் சும்மா விட்டது? மாடிப்படி ஏறினால் முட்டி இரண்டும் 'ஐயோ' என்னும். பக்ரீத் முடிந்து ஒன்றரை மாதத்தில் மக்காவுக்கு உம்ரா யாத்திரை புறப்பட வேண்டும். இடையில் நாலே மாதம்.

எனக்கு ஏன் நடந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். என் மகள் ஃபாயிசா பதினொரு மாதக் குழந்தையாக இருந்தபோது வயிற்றுப்போக்கு கண்டது. ஒரே நாளில் கண் குழிக்குள் போய்விட்டது, நாக்கு காய்ந்து ஒட்டிக்கொண்டது. ஒரு ஸ்பூன் தண்ணீர் உள்ளே தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றக் கையில் நரம்பு கிடைக்கவில்லை, காலில் கிடைக்கவில்லை. நான் வராந்தாவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பைத்தியம் மாதிரி நடந்தேன். எங்கள் நபி ஒருவரின் மனைவியான பீபி ஹாஜராவும் அந்தக் காலத்தில் அப்படித்தான் நடந்தார். பாலைவனத்தில் கைக்குழந்தை தாகத்தில் துடிக்க, ஸஃபா என்ற குன்றுக்கும் மர்வா என்ற குன்றுக்கும் நடுவே தண்ணீர் தேடி ஏழு தடவை ஓடினார். கடைசியில் குழந்தை கால் உதைத்த இடத்திலேயே ஜம்ஜம் ஊற்று திறந்தது. உம்ராவுக்குப் போகிறவர்கள் இன்றைக்கும் அந்த இரண்டு குன்றுக்கும் நடுவே ஏழு தடவை நடக்கிறார்கள்.

'யா அல்லா, அந்தக் குழந்தைக்கு ஊற்றைத் திறந்தாயே, என் குழந்தைக்கு ஒரு நரம்பைத் திற. அந்த ஏழு தடவையை என் சொந்தக் காலால் நடக்கிறேன்' என்று அந்த வராந்தாவில் நேர்ந்துகொண்டேன். நரம்பு கிடைத்தது. அந்தக் குழந்தைக்கு இப்போது இருபத்திரண்டு வயது. நான் கொடுத்த வாக்கைச் சக்கரத்தில் உருட்டிக்கொண்டு போய் நிறைவேற்ற முடியுமா?

டாக்டரம்மா முட்டியை அழுத்திப் பார்த்து, எட்டு கிலோ குறைத்தால் நடக்கலாம் என்று சொன்னார். எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்ல ஆரம்பிப்பதற்குள் நான் எழுந்து வந்துவிட்டேன். என்ன சொல்வார் என்று தெரியாதா? அன்றைக்கு ராத்திரி ஃபாயிசா என் போனை வாங்கி ஏதோ ஏற்றித் தந்தாள்.

"அம்மீ, தண்ணி குடிச்சாலே வெயிட் கொறையும். ஒரு நாளைக்கு நாலு லிட்டர். எட்டு தடவ மணி அடிக்கும், அடிக்கறப்பல்லாம் அரை லிட்டர் குடிக்கணும். கொழுப்பெல்லாம் கரைஞ்சி போயிடும்னு வீடியோவுல சொல்றாங்க."

எனக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. நடக்கச் சொன்னால் கால் வலிக்கும். பிரியாணியைக் குறைக்கச் சொன்னால் மனசு வலிக்கும். தண்ணீர் குடிப்பதில் என்ன வலி? நேரம் ஆனதும் போனுக்குள் 'ப்ளக்' என்று ஒரு சொட்டு விழும் சத்தம் கேட்கும். நான் மடக் மடக்கென்று குடிப்பேன். திரையில் இருக்கும் ஒரு பொம்மைப் பெண்ணின் வயிறு நீலமாக நிறையும்.

பங்குனி கடைசியில் ஜவ்வாது மலைக்குப் புளி பார்க்கப் போனேன். வருடா வருடம் நான்தான் போவேன். அவருக்கு மண்டி, எனக்கு மலை. புளியைக் கையில் எடுத்துக் கசக்கினால் போதும், ஈரம் எவ்வளவு, நார் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். ஆலங்காயம் தாண்டி, காவலூர் தாண்டி, எங்கள் குட்டியானை வண்டி முக்கி முனகி நெல்லிக்கொல்லை என்ற ஊரில் கொண்டுபோய் இறக்கும். இருபது வீடு இருக்கும். இந்த வருடம் ஊர்ப் புளி முழுவதையும் சடையன் வீட்டு வாசலில்தான் குவித்திருந்தார்கள். சடையன் மரமேறிப் புளி உலுக்குகிறவர். அவர் மனைவி வடிவு வாசலில் ஏழெட்டுப் பெண்களோடு உட்கார்ந்து ஓடு தட்டிக் கொட்டை எடுப்பாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி உடம்பு, கெட்டியான கை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. பத்து நாளைக்குத் தினமும் காலையில் வந்து சாயங்காலம் திரும்புவதாக ஏற்பாடு.

முந்தைய வருடங்களில் வேறொரு வீட்டு வாசலில் இறங்குவேன். வந்தவுடன் ஒரு சொம்பு தண்ணீர் கேட்பேன், கொண்டுவந்து தருவார்கள், குடிப்பேன். அத்தோடு சரி. அப்புறம் நாள் முழுக்கக் கையோடு கொண்டுபோகும் கலர் சோடா பாட்டில்தான். இந்தத் தடவை கலரைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தேன். மலைச் சுனைத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று அதே வீடியோவில் சொல்லியிருந்தார்கள், அதனால் வீட்டுத் தண்ணீரையும் கொண்டுபோகவில்லை.

முதல் நாள் 'ப்ளக்' என்றதும் கூப்பிட்டேன்.

"வடிவு, ஒரு சொம்பு தண்ணி குடும்மா."

"இதோ வர்றேங்க பாயம்மா" என்று எழுந்து போனாள். வெகுநேரம் கழித்து வந்தாள். வாங்கிக் குடித்தேன். அடேயப்பா! பல் கூசும் குளிர்ச்சி, இனிப்பென்றும் சொல்ல முடியாத ஒரு இனிப்பு. என் ஆயுசில் அப்படி ஒரு தண்ணீர் குடித்ததில்லை.

"எங்கருந்து இந்தத் தண்ணி?"

"பக்கந்தாங்க" என்றாள்.

அன்றைக்கு நான் மலையில் இருந்த நேரத்தில் போன் ஆறு தடவை அடித்தது. ஆறு தடவையும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் வருவதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும். மறுநாளும் இதே கதை. இதற்கு நடுவில், குடிக்கிற தண்ணீர் உள்ளேயே தங்கிவிடுமா? அந்த வாசலுக்கும் கொல்லைப்புறக் கக்கூசுக்கும் நான் நடந்த நடை இருக்கிறதே, சொன்னால் வெட்கக்கேடு. அந்த ஊர் நாய்கூட என்னைப் பார்த்துக் குரைப்பதை விட்டுவிட்டது.

"இன்னா வடிவு, தண்ணி கேட்டா அது வர்றதுக்குள்ள அடுத்த மணியே அடிச்சிடுது. தூங்கிட்டு வர்றியா?" என்று இரண்டாம் நாள் கேட்டேன். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் தலை நிமிரவில்லை. வடிவு மட்டும், "சீக்கிரம் வர்றேங்க" என்றாள்.

மூன்றாம் நாள் நல்ல வெயில். சாக்கு ஒன்றை எடுப்பதற்காக வீட்டுக்குள் தலையை நீட்டினேன். உள்ளே வரிசையாக மூன்று எவர்சில்வர் குடம், மேலே தட்டுப் போட்டு மூடியிருந்தது. ஒரு தட்டை நகர்த்திப் பார்த்தேன். கழுத்து வரைக்கும் தண்ணீர்! அந்த நேரம் பார்த்து 'ப்ளக்' என்றது.

"வடிவு, தண்ணி" என்றேன்.

அவள் எழுந்து வந்தாள். வெறும் சொம்பை எடுத்தாள். மூன்று குடத்தையும் தாண்டிப் பின்வாசல் வழியாக வெளியே போனாள்.

எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. எங்கள் பெயரைக் கேட்டதும் டம்ளரைத் தனியாக எடுக்கிற வீடுகளை நான் பார்த்தவள். சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள், நாம் எழுந்ததும் அதைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பார்கள். இந்த மலையில் அந்த வழக்கம் இல்லை என்று இருபது வருடமாக ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அப்படியானால் அவர்கள் குடிக்கும் குடத்தில் எனக்கு மொள்ள மாட்டாளா? எனக்கென்று எந்த ஓடையில், எந்தக் குட்டையில் மொண்டு வருகிறாள்? கோபத்தில் காது சூடாகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே கிளம்பினேன்.

புளியமரத்து உச்சியிலிருந்து சடையன் பார்த்துவிட்டார்.

"பாயம்மா, எங்க போறீங்க? அங்க பாதை சரியில்லீங்க!"

"உன் பொண்டாட்டி எனக்கு மட்டும் தண்ணிய எங்கருந்து கொண்டாறான்னு பாத்துட்டு வர்றேன்!"

அவர் கிளையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

அது பாதையா? ஆடு இறங்குகிற தடம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் சரிவு. செடியைப் பிடித்துக்கொண்டு, பாறையில் உட்கார்ந்து நகர்ந்து, புர்காவை இடுப்பில் செருகி, வடிவையும் திட்டி என் முட்டியையும் திட்டிக்கொண்டே இறங்கினேன். கால் மணி நேரத்தில் கோபம் பாதி கரைந்து மூச்சாகப் போய்விட்டது. இன்னும் கால் மணி நேரம் ஆனது. ஒரு பெரிய பாறைக்குக் கீழே நிழல் தெரிந்தது. அங்கே வடிவு குந்தியிருந்தாள்.

பாறையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. அதற்குக் கீழே இரண்டு கையைச் சேர்த்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு ஒரு பள்ளம். வடிவு கொட்டாங்குச்சியால் அதிலிருந்து வழித்து வழித்துச் சொம்பில் ஊற்றினாள். பள்ளம் காலியாகிவிட்டது. அவள் கொட்டாங்குச்சியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வெறும் பாறை ஈரமானது. ஈரம் மினுங்கியது. பிறகு சத்தமே இல்லாமல் பள்ளத்தின் அடியில் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குத் தண்ணீர் வந்து நின்றது. அது மெல்ல மெல்ல அகன்றது. யாரும் பம்பு போடவில்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவு பெரிய மலை தன் வயிற்றுக்குள்ளிருந்து அதை எடுத்து அவள் முன்னால் வைத்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"வூட்ல மூணு கொடம் தண்ணி இருக்கே, அதுல ஏன் எனக்கு மொண்டு குடுக்கல?" என்றேன். "உண்மையச் சொல்லிடு வடிவு. நா தொட்டா தீட்டா?"

வடிவு திடுக்கிட்டுத் திரும்பினாள். என்னை அந்த இடத்தில் பார்த்த அதிர்ச்சி ஒன்று, நான் கேட்ட கேள்வி ஒன்று. அவள் முகம் கறுத்துப்போயிற்று.

"இன்னா பாயம்மா, இப்டிக் கேட்டுட்டீங்க? அது வூட்டுத் தண்ணிங்க. விடிகாலைல மொண்டு வெச்சது. வந்தவங்களுக்கு அதையா குடுப்பாங்க?"

"ஏன், அதுக்கு இன்னா கேடு?"

"கொடத்துல கெடந்தத எடுத்து நீட்டினா, நீ எப்பக் கெளம்புவன்னு கேக்குற மாதிரிங்க. எங்க ஊர்ல வந்தவங்க தண்ணின்னா, அவங்க வாய் தொறந்து கேட்ட பெறகு போயி, ஊறி வர்றத மொண்டாந்து குடுக்கணும். எங்க மாமியா அப்டித்தான் குடுத்தாங்க, நாங்களும் அப்டித்தான்."

நான் பாறையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஒரு நாளைக்கு ஆறு தடவையா வடிவு?"

"இதுவரைக்கும் எந்த வந்தவங்களும் ரெண்டாந்தடவ கேட்டதில்லீங்க" என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"அடிப்பாவி, என்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கின்னா?"

"தண்ணி கேட்டவங்ககிட்ட தூரம் சொல்லக் கூடாதுங்க. சொன்னா அப்பால அவங்க எப்டிக் கேப்பாங்க?" என்றாள். "உங்களுக்கு ஏதோ பெரிய வியாதின்னு நெனச்சோம். மணி அடிச்சதும் குடிக்கலன்னா உசுருக்கே ஆகாது போலன்னு. அதான் எங்க வூட்டுக்காரரு ஊர்ல சொல்லி வெச்சிட்டாரு, பகல்ல யாரும் சுனைக்குப் போகாதீங்க, பாயம்மாவுக்கு ஊறட்டும்னு."

ஊரே எனக்காகச் சுனையை விட்டுக்கொடுத்திருக்கிறது. நான் என்ன சொன்னேன்? தூங்கிட்டு வர்றியா என்று கேட்டேன். அத்தனை பெண்களும் ஏன் தலை நிமிரவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. அப்போதுதான் அவள் உதட்டையும் பார்த்தேன். வெடித்து, வெள்ளையாகத் தோலுரிந்து இருந்தது.

"நீ தண்ணி குடிச்சியா?"

"வந்தவங்க குடிச்ச பெறகுதாங்க மொண்டாந்தவ குடிக்கணும்."

"நாந்தான் குடிச்சி முடிக்கறதே இல்லியே! அடுத்த மணி அடிச்சிடுதே!"

"சாயங்காலம் உங்க வண்டி போனதும் குடிச்சிக்கிறேங்க" என்றாள், அது ஒரு விஷயமே இல்லை என்பதுபோல.

யா அல்லா! மூன்று நாளாக இந்த வெயிலில் ஒருத்தி காய்ந்த வாயோடு இந்தச் சரிவில் ஆறு ஆறு தடவை இறங்கி ஏறியிருக்கிறாள். தாகமில்லாத எனக்கு, போனில் ஒரு பொம்மையின் வயிறு நிறைய வேண்டும் என்பதற்காக. நான் நாலு மடக்கில் குடித்து ஏப்பம் விட்டதை இந்த மலை இருபது நிமிடம் ஊறித் தந்திருக்கிறது. பீபி ஹாஜரா ஏழு தடவை ஓடியதை எண்ணி எண்ணி அழுகிறவள் நான். இங்கே என் கண் முன்னால் ஒருத்தி ஓடிக்கொண்டிருந்தாள், நான் அவளிடம் சீக்கிரம் வா என்றேன். எனக்கு அழுகை பொங்கிவிட்டது. அழுதேன், மறைக்கவில்லை. அழுதபடியே அவளுக்குப் பீபி ஹாஜராவைப் பற்றி, குழந்தை ஃபாயிசாவைப் பற்றி, என் நேர்ச்சையைப் பற்றி எல்லாம் சொன்னேன். கொட்டாங்குச்சியை மடியில் வைத்துக்கொண்டு வடிவு இமைக்காமல் கேட்டாள்.

"கொழந்த ஒதச்ச எடத்துலயே ஊறிச்சா?" என்று பள்ளத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

"ஆமா. இன்னைக்கும் ஊறுது. உலகமே குடிக்குது, நிக்கல."

"அப்டியா!" என்றாள். பள்ளத்தில் ஊறியிருந்ததை வழித்துச் சொம்பில் ஊற்றினாள்.

மடியில் 'ப்ளக்' என்றது போன். அணைத்துப் பைக்குள் போட்டேன். சொம்பை அவளிடமிருந்து பிடுங்கி ஒரே ஒரு மடக்குக் குடித்தேன்.

"வந்தவ குடிச்சாச்சு. இப்ப நீ குடி."

அவள் அண்ணாந்து குடித்தாள். தண்ணீர் தொண்டையில் இறங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. சொம்பு காலியாகும் வரை நிறுத்தவில்லை. என் மகள் கையில் ஊசி ஏறியபிறகு முதல் தடவை கண் திறந்தாளே, அந்த நிமிடத்தில் என் உடம்பு எப்படி இருந்ததோ அப்படி இருந்தது எனக்கு.

"இனிமே எனக்காக நீ வராத" என்றேன்.

"அது எப்டிங்க? நீங்க கேட்டா வரணும். வழக்கம்."

"நா வந்தவ இல்லன்னா?"

வடிவு யோசித்தாள். "வூட்டு மனுசின்னா கொடத்துலருந்து மொண்டு குடிக்கலாங்க. ஆனா வூட்டு மனுசின்னா ஒரு தடவயாச்சும் வூட்டுக்குத் தண்ணி சொமந்திருக்கணும்" என்றாள். சொல்லிவிட்டு என் முட்டியைப் பார்த்தாள். ஏன் சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நான் கொட்டாங்குச்சியை வாங்கினேன். என் கையாலேயே வழித்து வழித்து ஊற்றினேன். சொம்பு நிறைய எவ்வளவு நேரமானது என்று எனக்குத் தெரியாது, மணி அடிக்க ஆளில்லை. பிறகு ஏற ஆரம்பித்தேன்.

இறங்கியது ஒன்றுமே இல்லை. ஏறுவதுதான் இருக்கிறது! பத்தடிக்கு ஒரு தடவை நின்றேன். ஐந்து தடவை உட்கார்ந்தேன். முட்டிக்குள் யாரோ ஆணி அடித்தார்கள். ஒரு இடத்தில் வழுக்கியதில் கால் சொம்பு சிந்திப் போனது, அதற்கும் அழுதேன். வடிவு பின்னாலேயே வந்தாள். என் முதுகுக்குக் கை கொடுத்தாள். சொம்பை மட்டும் தொடவில்லை. தொட்டால் அது என் தண்ணீர் ஆகாது என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

மேலே வந்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஓடு தட்டும் சத்தம் நின்றுவிட்டது. சடையன் மரத்தைவிட்டு இறங்கி நின்றார். நான் வீட்டுக்குள் போய், ஒரு குடத்தின் தட்டை நகர்த்தி, சொம்பில் மிச்சமிருந்ததை அதில் ஊற்றினேன். வடிவு அதே குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு என்னிடம் நீட்டினாள். அப்போது எனக்கு உண்மையிலேயே தாகமாக இருந்தது. எத்தனை வருடம் கழித்து எனக்குத் தாகம் எடுத்தது என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

மீதி நாளெல்லாம் வந்ததும் முதல் வேலையாக அந்த வீட்டுக்கு ஒரு நடை தண்ணீர் கொண்டுவந்தேன். சித்திரையில் இன்னொரு பத்து நாள் புளிக்காகப் போனேன். புளி முடிந்த பிறகும் போனேன்.

"மலையில இனி இன்னா இருக்கு உனக்கு?" என்று பாஷா கேட்டார்.

"என் முட்டி இருக்கு" என்றேன்.

சொம்பு போய்ச் சின்னக் குடம் வந்தது. வடிவு முன்னால் போவாள், நான் திட்டிக்கொண்டே பின்னால் போவேன்.

இரண்டு மாதம் கழித்து டாக்டரம்மாவிடம் போனேன். இந்தத் தடவை அவரைப் பேசவிட்டேன்.

"தண்ணி கொழுப்பக் கரைக்காதும்மா" என்று சிரித்தார். "நீங்க கலரை விட்டு, அந்த எடத்துல தண்ணி குடிச்சீங்க பாருங்க, அதுல கொஞ்சம் கொறஞ்சிது. சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு டம்ளர் குடிச்சா ரெண்டு வாய் கொறையும். மத்தபடி எல்லாருக்கும் நாலு லிட்டர்னு ஒரு கணக்குக் கெடையாது. தாகத்துக்குக் குடிங்க, வெயில்ல வேலை செஞ்சா கூடக் குடிங்க. சிறுநீர் வைக்கோல் நெறத்துல போனா ஒடம்புக்குப் போதும்னு அர்த்தம். அளவில்லாம ஊத்திகினா அதுவும் ஒடம்புக்கு ஆபத்துதான். உங்க எடையக் கொறச்சது அந்த மலை."

புறப்படும்போது எடை எண்பத்தேழு. ஆறு கிலோதான் குறைந்திருந்தது, எட்டு இல்லை. பாஷா எனக்குத் தெரியாமல் நாற்காலிக்கும் சொல்லி வைத்திருந்தார்.

மக்காவில் அந்த இரண்டு குன்றுக்கும் நடுவே இப்போது பளிங்குத் தரை, மேலே கூரை, குளுகுளு ஏசி. பீபி ஹாஜராவுக்கு இதெல்லாம் ஏது? முதல் நாலு தடவையை அவரை நினைத்துக்கொண்டு நடந்துவிட்டேன். ஐந்தாவதில் முட்டிக்குள் பழைய ஆணி வந்துவிட்டது. பாஷா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பக்கத்திலேயே வந்தார்.

"ஆசியா, உக்காந்துடு. இன்னும் ரெண்டரைத் தடவை இருக்கு. ஒரு கிலோமீட்டருக்கு மேல…"

"தூரம் சொல்லாதீங்க!" என்று ஒரு அதட்டு அதட்டினேன். பக்கத்தில் வந்த யாரோ வெளிநாட்டுக்காரம்மா பயந்து விலகினாள். நான் சரிவைப் பிடித்து ஏறுவதாக நினைத்துக்கொண்டேன். கையில் சொம்பு இருக்கிறது, சிந்தக் கூடாது. முன்னால் வெடித்த உதட்டோடு ஒருத்தி போகிறாள், நான் நின்றால் அவள் குடிக்க மாட்டாள். அப்படி நினைத்துக்கொண்டே ஏழாவதும் முடிந்து மர்வாவில் போய் நின்றேன். திரும்பிப் பார்த்தால் நாற்காலியில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார், ஆறாவது தடவையில் கால் பிடித்துக்கொண்டதாம். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. தூணைப் பிடித்துக்கொண்டு, ஃபாயிசாவின் பெயரைச் சொல்லி அல்லாவிடம் கணக்கை முடித்தேன்.

திரும்பி வரும்போது ஜம்ஜம் கொண்டுவந்தோம். உறவுக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் சின்னச் சின்ன டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். "நீ குடிக்கல?" என்று பாஷா கேட்டதற்கு, அப்புறம் என்று சொல்லிவிட்டேன். ஒரு பாட்டிலை மட்டும் துணியில் சுற்றித் தனியாக எடுத்து வைத்தேன்.

அந்த வாரமே மலைக்குப் போனேன். நாலு மழை விழுந்திருந்தது. சாமைக் கொல்லையெல்லாம் பச்சையாகக் கிடந்தது. வடிவு களை பறித்துக்கொண்டிருந்தவள், வண்டிச் சத்தம் கேட்டு வந்தாள்.

"நடந்துட்டீங்களா பாயம்மா?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

"ஏழு தடவையும்" என்றேன்.

அவள் கை இரண்டையும் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். நான் துணியைப் பிரித்துப் பாட்டிலை எடுத்தேன்.

"அந்தக் கொழந்த ஒதச்ச எடத்துத் தண்ணியா?" என்று கேட்டாள். குரலே மாறிவிட்டது. ஓடிப்போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, மண்ணில் மண்டி போட்டுக் கையைக் குவித்தாள். ஊற்றினேன். குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"லேசா உப்புக் கரிக்குதுங்க" என்றாள் கண்ணைத் திறக்காமல். பிறகு, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றாள்.

இரண்டாவது கையளவையும் அவள் குடித்து முடித்த பிறகு நான் பாட்டிலை எடுத்து ஒரு மடக்குக் குடித்தேன். ஊருக்கு வந்து நான் குடித்த முதல் மடக்கு அது. வடிவு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எனக்காக எவ்ளோ தூரத்துலருந்துங்க சொமந்துகினு வந்தீங்க?" என்று கேட்டாள்.

"பக்கந்தான்" என்றேன்.